கொள்ளைநோயும் குழந்தையின் வீடும்

நோய்க்கு ஏழை, பணக்காரன் என்ற வேற்றுமை கிடையாது என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். கிருமியைப் பொறுத்தவரை இது உண்மையே. ஆனால் அது உடலில் புகுந்தபின் யார் பிழைப்பார், யார் மாள்வார் என்பதைக் கிருமி மட்டுமா தீர்மானிக்கிறது? விடை காண, 1918ஆம் ஆண்டின் பம்பாய் நகரைச் சற்று நோக்குவோம்.

முதல் உலகப்போரின் இறுதியில் உலகெங்கும் பரவிய இன்ஃபுளுயன்சா, அவ்வாண்டு ஜூன் மாதத்தில் பம்பாய்த் துறைமுகப் போலீஸ்காரர்களிடையே தலைகாட்டியது. செப்டம்பரில் கொடிய உருவில் திரும்பி வந்தது. அக்டோபர் 6ஆம் நாள் மட்டும் அந்நகரில் 768 பேர் மாண்டனர். இந்தியா முழுவதிலும் மாண்டவர்கள் 1 கோடிக்கும் மேல்.

பம்பாயில் இந்நோயால் இறந்தோரைச் சமூகவாரியாகக் கணக்கிட்டார்கள். ஆயிரம் பேருக்கு ஐரோப்பியரில் 8.3 பேர், பார்சிகளில் 9 பேர், முஸ்லிம்களில் 19.2 பேர், சாதி இந்துக்களில் 18.9 பேர், தாழ்த்தப்பட்ட சாதியினரிலோ 61.6 பேர்! கிருமி ஒன்றே, நகரமும் ஒன்றே. பின் ஏன் இந்த ஏழு மடங்கு வேறுபாடு?

1911ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி, பம்பாய் மக்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் ஓர் அறை வீடுகளில் நெருக்கியடித்து வாழ்ந்தனர். அங்கே ஒருவர் இருமினால் அனைவருக்கும் தொற்றும். 1918இல் மழையும் பொய்த்தது. தானிய விலை ஏறியது. அரைவயிற்று உடலில் இன்ஃபுளுயன்சாவைத் தொடர்ந்து நிமோனியா எளிதில் பற்றிக்கொண்டது. ஓய்வும், சூடான கஞ்சியும், அருகிருந்து பார்க்க ஓர் ஆளும் கிடைத்திருந்தால் பலர் பிழைத்திருப்பர்.

குழந்தைகளின் கதி என்ன? இந்நோய் வழக்கத்துக்கு மாறாக 20 முதல் 40 வயது வரையுள்ளோரையே மிகுதியாகக் கொன்றது. இந்தியாவில் ஆண்களைவிடப் பெண்கள் அதிகமாக மாண்டனர். இவர்கள் யார்? குழந்தைகளின் தாய் தந்தையர் அல்லவா? வசதியுள்ள வீட்டில் தாய் படுத்துவிட்டால் பால் வாங்கப் பணம் இருந்தது. பிள்ளையைப் பார்க்க ஆளும் இருந்தது. கூலிக்காரர் வீட்டிலோ, தந்தை படுத்த அன்றே அடுப்பு அணைந்தது. தாய் மாண்டால் கைக்குழந்தைக்குப் பாலும் இல்லை. ஆக, கிருமி தொற்றாத குழந்தையையும் கொள்ளைநோய் வாட்டியது.

ஒரு நூற்றாண்டுக்குப் பின், 2020இல் கோவிட் நோய் பரவியபோதும் இதே பாடம்தான். அவ்வைரஸ் பெரும்பாலான குழந்தைகளைக் கடுமையாகத் தாக்கவில்லை. ஆனால் பள்ளிகள் மூடப்பட்டன. சேமிப்புள்ள குடும்பத்தில் பிள்ளைகள் வீட்டிலேயே உண்டனர். பள்ளியின் மதிய உணவை நம்பியிருந்த பிள்ளைக்கோ ஒருவேளைச் சோறு கேள்விக்குறியாயிற்று. தடுப்பூசிப் பணிகளும் தடைப்பட்டன. 2021இல் உலகெங்கும் சுமார் 2.5 கோடிக் குழந்தைகளுக்கு, தொண்டை அடைப்பான், கக்குவான், ரண ஜன்னி ஆகியவற்றுக்கான முத்தடுப்பு ஊசி முழுமையாகக் கிடைக்கவில்லை. இவர்களில் பெரும்பாலோர் ஏழை நாடுகளின் குழந்தைகளே.

ஆகவே, வாசகர்களே, கொள்ளைநோய்க் காலத்தில் குழந்தையைக் காக்க மருந்து மட்டும் போதாது. காற்றோட்டமுள்ள வீடு, படுத்தாலும் நிற்காத கூலி, பள்ளி மூடினாலும் நிற்காத சோறு ஆகியவையும் மருந்துகளே. நோய் வந்தபின் தேடினால் இவை கிடைக்கமாட்டா. நோயில்லா நாட்களிலேயே இவற்றை உருவாக்கி வைத்திருக்க வேண்டும்.