நலங்கு மாவும் தேயிலைக் கறையும்

சென்ற தவணையில் எம் வகுப்பு மாணவி ஒருத்தி, நுவரெலியாக் கடைத்தெருவில் வாங்கிய சிறு குழாய் ஒன்றைக் கொண்டுவந்து, "சேர், இது அம்மா கைக்குச் சரியா இருக்குமா?" என்று கேட்டாள். மேனியைத் தேய்த்துக் கழுவும் பசை அது. அவள் அக்காளின் திருமணத்திற்கு இன்னும் ஐந்து வாரங்கள் இருந்தன. மணப்பெண்ணுக்கு நலங்கு வைக்கவேண்டிய தாயாரின் விரல்களிலோ பல்லாண்டுக் கொழுந்துக் கறை படிந்திருந்தது. சபையிற் காட்ட நாணி, அவர் தம் கைகளைச் சேலைத் தலைப்பில் மறைத்துக் கொள்கிறாராம்.

தமிழ் கற்பிக்கும் நாம் மருத்துவர் அல்லர். ஆயினும், எத்தோலுக்கு எப்பொடி என்னும் அவ்வினாவின் பின்னே நெடியதொரு வரலாறு உண்டு. அதனை அறிந்தபின் தேர்ந்தெடுப்பதே முறை என்று எமக்குத் தோன்றிற்று.

மேனி தேய்த்து நீராடல் தமிழர்க்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்துக் கடலாடு காதையில், பத்துவகைத் துவரும் ஐந்துவகை விரையும் முப்பத்திரண்டு வகை ஓமாலிகையும் ஊறிய நீரிலே மாதவி தன் கூந்தலைக் கழுவுகிறாள். புகாரின் கடல் வாணிகம் குவித்த செல்வம் அந்நீரில் மணக்கின்றது. அப்பொருள்களைத் தேடிப் பறித்து, உலர்த்தி, இடித்த கைகளைப் பற்றியோ நாம் அறிவது மிகக் குறைவு.

எளிய மக்களின் நீராட்டுப் பொருள்கள் வேறு. பாசிப்பயற்று மா, அரப்பு, சீயக்காய், உலர்ந்த பீர்க்கங்காயின் நார், குதிகாலுக்கு ஒரு செங்கல் துண்டு. மணநாளில் மாத்திரம் நலங்கு மா வந்து சேரும். பயற்றுடன் கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு, வெட்டிவேர், கார்போகரிசி முதலியன கலந்து இடித்துச் சலித்தெடுப்பது அது. கோயில் திருமஞ்சனத்தில் எண்ணெய்க்காப்பின் பின் மாப்பொடியும் மஞ்சட்பொடியும் நெல்லிமுள்ளிப் பொடியும் சாத்துவதும் இம்முறையைச் சார்ந்ததே. மா எண்ணெயை உறிஞ்சுகிறது. அதன் நுண்துகள்கள் தோலின் மேல் இறந்துகிடக்கும் படலத்தை மெல்ல உரைஞ்சி எடுக்கின்றன.

எப்பொடியாயினும் கழுவ நீர் வேண்டும். அந்த நீரோ எல்லார்க்கும் பொதுவாய் இருந்ததில்லை. ஊர்க் கிணற்றில் வாளி போடும் உரிமை சாதியால் மறுக்கப்பட்ட மக்களை அழுக்கர் என்று இகழ்ந்ததும் அச்சாதிச் சமுதாயமே. 1927 மார்ச் 20ஆம் நாள் மகாராஷ்டிரத்து மகாட் நகரில் டாக்டர் அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களுடன் சென்று பொதுக்குளத்து நீரை அள்ளிப் பருகியமை, தூய்மையின் வரலாற்றிலும் குறிக்கத்தக்க நிகழ்ச்சியாகும்.

இவ்விகழ்ச்சியை வெள்ளையர் ஆட்சி வாணிகமாகவே நடத்தியது. இலங்கைத் தேங்காயெண்ணெய் கப்பலேறி இங்கிலாந்தின் சவர்க்காரத் தொழிலுக்கு உதவியது. 1884இல் தோன்றிய சன்லைட் சவர்க்காரம் 1888இல் கல்கத்தாத் துறைமுகத்தில் வந்திறங்கியது. கறுத்த சிறுவன் ஒருவன் கழுவிக் கழுவி வெளுப்பதாகப் படம் வரைந்து விளம்பரம் செய்தது பேர்ஸ் சவர்க்காரம். அழுக்கும் கறுப்பும் ஒன்றே என்னும் பொய்யை அப்படங்கள் உலகெங்கும் பரப்பின. இன்று 'வெண்மை தரும்' என்று எழுதிய குழாய்களில் விற்கப்படுவதும் அப்பொய்யே.

அதே காலத்தில் எம் மூதாதையர் இம்மலைகளில் தேயிலை நட்டுக்கொண்டிருந்தனர். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழிக்க, தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. 1885இல் புகையிரதப் பாதை நானுஓயாவை எட்டியது. தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து வந்தோர் மண்டபம் முகாமிலே தடுத்து வைக்கப்பட்டுச் சோதிக்கப்பட்ட பின்பே கடல் கடந்தனர். அவர்தம் உடலை அரசு நோய் காவும் பொருளாகவே நோக்கியது. ஆனால் லயத்தில் அவர்களுக்குக் கிடைத்தது பத்துக்குப் பன்னிரண்டடிக் காம்பரா. குளிக்கப் பலருக்குமாக ஒரு பீலி. கடல்மட்டத்திலிருந்து 1,600 மீற்றர் உயரத்தில், பனி கொட்டும் தை மாதத்து மாலையில், பகலெல்லாம் கொழுந்து பறித்த பெண் அப்பீலியின் கீழ் நிற்பதை எண்ணிப் பாருங்கள். மறைவில்லை, வெந்நீருக்கு விறகில்லை. மாதவியின் நாற்பத்தேழு பொருள்களை அங்கே கொண்டுபோய்க் கொடுத்தாலும் யாது பயன்?

இனி அக்கறைக்கு வருவோம். கொழுந்தின் சாறு காற்றுப்பட்டுக் கறுப்பதால் உண்டாவது அது. தொழிற்சாலையில் பச்சை இலையைக் கறுந்தேயிலை ஆக்கும் மாற்றமே பறிப்பவள் விரலிலும் நிகழ்கின்றது. கோப்பையில் அதனை நிறம் என்று புகழ்கின்றோம். கையில் அழுக்கு என்கின்றோம்.

மாணவிக்கு நாம் கூறியன இவை. தோலின் மேற்படலம் ஏறக்குறைய நான்கு வாரங்களில் தானே புதுப்பிக்கப்படுகின்றது. பறிப்பு நின்றால் கறையும் மெல்ல மங்கும். உலர்ந்த தோலுக்கு நன்றாகச் சலித்த பயற்றம் மாவைப் பாலிலோ தயிரிலோ குழைத்து, வாரத்தில் ஒன்றிரண்டு முறை மெல்லத் தேய்த்து, இளவெந்நீரிற் கழுவி, தேங்காயெண்ணெய் பூசுதல் போதும். எண்ணெய்ப் பசையுள்ள தோலுக்குக் கடலை மா ஏற்றது. வெடிப்பும் புண்ணும் பருவும் உள்ள இடத்தில் எதனையும் தேய்த்தலாகாது. எலுமிச்சஞ்சாறு, உப்பு, மணல், வெளுப்புத்தூள் இவை கறையோடு தோலையும் கொண்டுபோகும். புதியது எதுவாயினும் முதலில் முன்கையிற் சிறிது பூசி ஒருநாள் பார்த்தல் நன்று.

கடைக் குழாய்களின் உட்பொருளையும் படித்தறிதல் வேண்டும். தேய்ப்பதற்கென அவற்றிற் கலந்த நுண் பிளாஸ்டிக் மணிகள் ஆற்றையும் கடலையும் கெடுத்தமையால் 2015இல் அமெரிக்காவும் 2018இல் பிரித்தானியாவும் சட்டமியற்றித் தடுத்தன. வெண்மைப் பூச்சுகளிற் சேரும் பாதரசமோ சிறுநீரகத்தையே கெடுக்கும் நஞ்சு.

திருமணத்திற்கு நாமும் சென்றிருந்தோம். கறை பெரிதும் மங்கியிருந்தது; விரல் இடுக்குகளில் மாத்திரம் கோடுகளாய் எஞ்சியிருந்தது. தாயார் அக்கையினாலேயே மகளின் கன்னத்தில் நலங்கு வைத்தார். தலைப்பில் மறைக்கவில்லை.

மாவைத் தேர்வது எளிது; ஒரு படி பயறும் ஒரு சல்லடையும் இருந்தாற் போதும். லயத்துக்கு லயம் குழாய்நீரும், பெண்கள் மறைவாய்க் குளிக்கக் கதவுள்ள அறையும் வேண்டும் என்று கேட்பதே அரிது. அதனைத் தாயார் ஒருவராய்க் கேட்க முடியாது. அவரது கறையில் விளைந்த தேநீரைப் பருகும் நாம் அனைவரும் உடன் நின்று கேட்கவேண்டும்.