தூக்கி எறிந்த மின்னிசைப் பெட்டிகள்



கடந்த மார்கழி விடுமுறையில் நாங்கள் மூன்று பேர் காசு சேர்த்து ஒரு பழைய ஜப்பான் எலெக்டோன் வாங்கிய கதை ஊரில் பாதிப் பேருக்குத் தெரியும். இரண்டு தட்டு விசைகளும் காலால் மிதிக்கும் கட்டைகளும் கொண்ட வீட்டு ஓகன் அது. பட்டாவிலிருந்து இறக்கவே ஆறு பேர் வேண்டியிருந்தது. "போனிலேயே கீபோர்ட் இருக்கு சேர், இது எதுக்கு?" என்று கேட்டவர்களும் உண்டு. அதற்கான பதில்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள். இசைக்கருவி பற்றி மார்க்கத்தில் உள்ள கருத்து வேறுபாட்டை இங்கே இழுக்க வேண்டாம். இது மின்சாரத்தின் வரலாறு, அதோடு மனிதர்கள் எதை வைத்திருந்தார்கள், எதை எறிந்தார்கள் என்ற வரலாறு.

முதல் நாளே புகை வந்தது. ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ற்று, நம்முடையது 230. விஞ்ஞானம் படிப்பிக்கிற நாங்களே பின்பக்கத் தகட்டைப் படிக்காமல் பிளக்கைச் சொருகிவிட்டோம். அதைப் பிறகு சொல்கிறோம்.

இந்தப் பெட்டிகளின் பெரியண்ணன் சின்தசைசர். 1964இல் அமெரிக்காவில் றொபர்ட் மூக் என்ற பொறியியலாளர் அதற்கு ஓர் எளிய வழி கண்டார். அலையம் என்ற சுற்று ஓசையை உண்டாக்கும். அதற்குக் கொடுக்கும் அழுத்தத்தை ஒரு வோல்ற்று கூட்டினால் சுரம் ஒரு சப்தகம் மேலே போகும். அவ்வளவுதான். கணினி இல்லை, பதிந்து வைத்த ஓசை இல்லை. வெயில் ஏறினால் சுருதி நழுவும். அதனாலேயே சிலருக்கு இவற்றின் மேல் பைத்தியம்.

அந்த மூக் யந்திரம் ஒன்று நம் பக்கத்து நாட்டுக்கு 1969இலேயே வந்துவிட்டது என்பது எங்களுக்கே புதுச் செய்தி. அகமதாபாத்தில் உள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் டேவிட் ரியூடர் என்ற அமெரிக்கப் பியானோக் கலைஞர் அதை நிறுவிக் கொடுத்தார். பின்னால் நின்றது சாராபாய் குடும்பம். இந்திய விண்வெளி ஆய்வைத் தொடங்கிய விக்ரம் சாராபாயின் உடன்பிறந்தவர்கள். அவர்களில் ஒருவரான கீதா சாராபாய் உட்படச் சிலர் 1972 வரை அங்கே ஒலிநாடாக்களில் பதிவு செய்தார்கள். பிறகு அந்தக் கலையகம் ஓய்ந்தது, எல்லோரும் மறந்தார்கள். 2017இல் போல் பேர்காஸ் என்ற பிரித்தானியக் கலைஞர் நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் அந்த நாடாக்களைக் கண்டெடுத்தார். 2023இல் அவை இசைத்தட்டாக வெளிவந்தன. நாடாக்களை அங்கேயே விட்டு வைத்தார்களே, அதுதான் எங்களுக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. அலுமாரி துப்புரவாக்கும் நாளில் யாராவது குப்பையில் போட்டிருந்தால் இந்த வரியை நாங்கள் எழுதியிருக்க மாட்டோம்.

இன்னொருவர் பம்பாய்த் திரைப்பட இசைக்குழுக்களில் வாசித்த சரண்ஜித் சிங். சிங்கப்பூரில் றோலண்ட் கம்பனியின் புதிய கருவிகளை வாங்கிவந்து, 1982இல் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் ஒரு தட்டாகப் பதிந்தார். யாரும் கணக்கெடுக்கவில்லை. அவர் பயன்படுத்திய ரி.பி. 303 என்ற சிறு பெட்டியும் விற்பனையில் படுதோல்வி. 1984 அளவில் உற்பத்தியையே நிறுத்திவிட்டார்கள். மலிவாகக் கிடந்த அதே பெட்டியை வைத்துச் சிக்காகோ இளைஞர்கள் 1987இல் 'அசிட் ஹவுஸ்' என்ற புது இசையை உண்டாக்கினார்கள். 2010இல் சிங்கின் தட்டு மறுபடி வெளியானபோது உலகமே வாயைப் பிளந்தது, இவர் ஐந்து வருடம் முந்திவிட்டாரே என்று. முதியவர் 2015இல் காலமானார். பாராட்டைக் காதால் கேட்டுவிட்டுத்தான் போனார்.

பழைய கருவிகளுக்கு அடி விழுந்த வருடம் 1983. யமஹாவின் டி.எக்ஸ். 7 வந்தது. இலக்கமுறை, சுருதி நழுவாது, எடையும் குறைவு. எல்லோரும் பழையதைக் கைகழுவினார்கள். இன்று அதே பழையவற்றின் விலையைக் கேட்டால் ஓர் ஆசிரியர் வருடச் சம்பளத்தை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஏ.ஆர். ரஹ்மானின் வீட்டுக் கதையும் இதோடு சேர்ந்ததுதான். தந்தை ஆர்.கே. சேகர் 1976இல் இறந்தபோது மகனுக்கு 9 வயது. தந்தை விட்டுப்போன இசைக்கருவிகளை வாடகைக்குக் கொடுத்துத்தான் தாய் குடும்பத்தைக் காப்பாற்றினார். விற்றிருக்கலாம். விற்கவில்லை.

இனி நம் எலெக்டோன். எங்களுடன் சேர்ந்த நானா, ரேடியோ திருத்தியே தலை நரைத்தவர். எரிந்த மின்மாற்றியை மோட்டர் கொயில் சுற்றும் ஒருவரிடம் கொடுத்து 230க்கு மாற்றிச் சுற்றுவித்தார். அடுத்தது கொள்ளளவிகள். உள்ளே இருக்கும் திரவம் நாற்பது வருடத்தில் காய்ந்துபோகும், ஓசையோடு 'ம்ம்' என்று இரைச்சலும் வரும். மாற்றினோம். விசைகளின் கீழே இருக்கும் தொடுமுனைகள் எங்கள் கடற்காற்றில் ஒரே மாதத்தில் கறுத்தன. கீரியில் சைக்கிள் செயினே தாங்காது, இது எம்மாத்திரம்? ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் ஒவ்வொன்றாகத் துடைத்தோம்.

ஓர் அதிசயமும் கண்டோம். 'மி' சுரம் ஓரிடத்தில் மட்டுமல்ல, எல்லாச் சப்தகத்திலும் ஊமை. உள்ளே 12 சுரத்துக்கும் 12 தாய் அலையங்கள்தான். கீழ்ச் சப்தகங்கள் எல்லாம் அந்தத் தாயின் அதிர்வை இரண்டிரண்டாகப் பிரித்துப் பெறுபவை. தாய் போனால் பிள்ளைகளும் போகும். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் சிலரைக் கூட்டிவந்து காட்டினோம். புத்தகத்தில் மீடிறன் பாடம் நடத்தியபோது வராத கேள்விகள் அன்று வந்தன.

வெளிநாட்டில் இதையே தொழிலாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள். றோலண்ட் ஜூனோ 106 என்று 1984இல் வந்த கருவி. அதன் ஓசைச் சில்லுகள் மேல் பூசிய பிசினாலேயே கெட்டுப்போகின்றன. சில்லுகளைக் கழற்றி அசிற்றோனில் ஊறப்போட்டுப் பிசினை உரித்தால் பல மறுபடி பேசும். நகப்பூச்சு அழிக்கிற அதே அசிற்றோன்!

வாப்பாவிடம் ஒரு வால்வு ரேடியோ இருந்தது. 1990 ஒக்டோபர் கடைசியில் நம்மவர்கள் மன்னாரை விட்டுக் கற்பிட்டிக்குத் தோணி ஏறியபோது அது தட்டிலேயே நின்றது. திரும்பி வந்தபோது தட்டும் இல்லை. அது என்ன கம்பனி, எத்தனை பட்டன் என்று உம்மாவும் வாப்பாவும் இன்றும் வாதாடுவார்கள். படம்கூட இல்லை. பழைய பெட்டி ஒன்றைக் கண்டால் எங்களால் தாண்டிப் போக முடியாமலிருப்பது அதனால்தான்.

உறவுகளே, உங்கள் வீட்டுப் பரணில், கோயில் அறையில், கலியாணப் பாண்ட் வைத்திருந்தவர் வீட்டில் பழைய கீபோர்டோ, ரேடியோவோ, ஒலிநாடாவோ கிடந்தால் பழைய இரும்புக்காரருக்குக் கொடுக்குமுன் எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். ஓடாவிட்டாலும் பரவாயில்லை. இந்த முறை பின்பக்கத் தகட்டைப் படித்த பிறகுதான் பிளக்கைச் சொருகுவோம்.