ஒரே வெட்டில் பல பீஸ்: கம்ப்யூட்டர் சிப்பில் 'வெக்டர்' கட்டளை என்ன செய்கிறது?

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் கட்டிங் டேபிளைப் பார்த்தவர்களுக்கு இது சட்டெனப் புரியும். கட்டிங் மாஸ்டர் துணியை ஒவ்வொன்றாக வெட்டுவதில்லை. அடுக்கடுக்காக விரித்து, மெஷினை ஒரே முறை ஓட்டுவார். வெட்டு ஒன்றுதான்; அத்தனை அடுக்கிலும் பீஸ் ரெடி.

ப்ராசஸரின் 'வெக்டர்' கட்டளையும் இப்படித்தான். ஒரே கட்டளை, பல எண்கள் மீது ஒரே நேரத்தில் வேலை செய்யும். இதற்கு 'சிம்டி' என்று பெயர்.

வேகம் எப்படி கூடுது?

துணியில் ஓட்டை, எண்ணெய்க் கறையைக் கண்டுபிடிக்கும் கேமராவை எடுத்துக்கொள்வோம். கருப்பு-வெள்ளைப் படத்தின் ஒரு வரியில் 4,096 புள்ளிகள் இருந்தால், ஒவ்வொன்றையும் நல்ல துணியின் அளவோடு கழித்துப் பார்க்க வேண்டும். சாதாரண முறையில் 4,096 கழித்தல் கட்டளைகள். ஒரு புள்ளிக்கு 8 பிட் என்றால், 256 பிட் அகல வெக்டரில் 32 புள்ளிகள் அடங்கும். அப்போது 128 கட்டளைகள் போதும்.

எப்போது வந்தது?

1976-ல் வந்த கிரே-1 சூப்பர் கம்ப்யூட்டரிலேயே வெக்டர் முறை இருந்தது. வீட்டு கம்ப்யூட்டருக்கு 1997-ல் இன்டெல்லின் எம்எம்எக்ஸ் கொண்டுவந்தது. அகலம் 64 பிட். 2013-ல் வந்த ஏவிஎக்ஸ்-2, முழு எண் கணக்குகளையும் 256 பிட்டுக்கு உயர்த்தியது. இன்றைய செல்போன் சிப்களில் 'நியான்' என்ற 128 பிட் வசதி இருக்கிறது.

அப்படியானால் 32 மடங்கு வேகமா?

இல்லை. துணி வந்து சேராவிட்டால் கட்டிங் டேபிள் சும்மா நிற்கும். அதுபோல, மெமரியிலிருந்து தரவு வரத் தாமதமானால் ப்ராசஸரும் காத்திருக்கும். ஒவ்வொரு புள்ளிக்கும் வேறு வேறு வேலை என்றாலும் பலன் குறையும். ஒவ்வொரு அடுக்கிலும் வேறு சைஸ் வேண்டுமென்றால் ஒரே வெட்டு உதவாதே!

வாங்கும் முன் என்ன பார்க்கணும்?

செக்கிங் வேலைக்கு செகண்ட் ஹேண்ட் கம்ப்யூட்டர் வாங்கும் சிறு யூனிட்டுகளுக்கு இது முக்கியம். 2018-ல் வந்த டென்சர்ஃப்ளோ 1.6 முதல், அதன் ரெடிமேட் பதிப்புகளுக்கு ஏவிஎக்ஸ் தேவை. அது இல்லாத பழைய சிப்பில் மென்பொருள் மெதுவாக ஓடாது, ஓடவே ஓடாது. 2013-க்குப் பிறகு வந்த சில பென்டியம், செலரான் சிப்களிலும் இந்த வசதி இல்லை. எனவே வருஷத்தை மட்டும் நம்பாமல், 'சிபியு-இசட்' என்ற இலவச மென்பொருளில் 'ஏவிஎக்ஸ்' இருக்கிறதா என்று பார்த்த பிறகே பணத்தைக் கொடுப்பது நல்லது.