தென்னங்கள் (மலேசியா)

தென்னையின் விரியாத பாளையைச் சீவி இறக்கும் சாறு தானாகவே புளித்து மதுவாவது தென்னங்கள். மலேசியாவில் இது தோட்டப்புறத் தமிழர் வாழ்வோடு பிணைந்த பானம். இதில் ஈஸ்ட், சர்க்கரை, பதப்படுத்தும் மருந்து எதுவும் சேர்வதில்லை. பிரான்சின் போஜொலே வட்டாரத்தில் மார்செல் லாபியர் 1980களில் தம் குடும்பத் திராட்சைத் தோட்டத்தில் கைக்கொண்ட ‘இயற்கை வைன்’ முறைக்கும் பழத்தோடு வரும் ஈஸ்ட்தான் அடிப்படை. ஆனால் வைன் ஆண்டுக்கணக்கில் நிற்கும்; கள்ளுக்கு ஆயுள் ஒரு நாள்.

பாளையை நாரால் இறுகக் கட்டி, சிறு கட்டையால் நாள்தோறும் மெல்லத் தட்டிப் பக்குவப்படுத்துவார்கள். பிறகு நுனியைச் சீவினால் சாறு சொட்டும். காலையும் மாலையும் மரமேறி, மெல்லிய சீவல் எடுத்து, கலயத்தை மாற்ற வேண்டும். கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் புளிப்பு தடைப்பட்டுப் பதநீர் கிடைக்கும். மலாய் மொழியில் ‘நிரா’ எனப்படும் இந்த இனிப்புச் சாற்றைக் காய்ச்சித்தான் ‘குலா மலாக்கா’ வெல்லம் செய்கிறார்கள். சுண்ணாம்பு இல்லாத கலயத்திலோ ஈஸ்டும் பாக்டீரியாவும் உடனே வேலையைத் தொடங்கிவிடும். சில மணி நேரத்தில் ஆல்கஹால் சுமார் 4 முதல் 6 விழுக்காட்டை எட்டும். மறுநாள் அது காடியாகத் திரியத் தொடங்கும்.

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் பத்து பஹாட், பொந்தியான் கரையோரங்கள் தென்னைக்குப் பெயர் பெற்றவை. தமிழர் பால்மரம் வெட்டிய ரப்பர் தோட்டங்கள் குளுவாங், சிகாமட், லாபிஸ் என உள்நாட்டில் பரவியிருந்தன. கள் தொலைவு போகும் சரக்கல்ல. அதனால் மலாயாவில் பல கள்ளுக்கடைகள் தோட்டத்துக்குள்ளோ அதன் வாசலிலோ இருந்தன.

அந்த நெருக்கமே தீங்காகவும் ஆனது.

கூலியின் பெரும்பங்கு கடைக்கே போய், வீட்டில் அடுப்பெரியாத நாள்கள் பல. 1941 கிள்ளான் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் ஊதிய உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடுவதும் இடம்பெற்றது. 1947இல் கெடா மாநிலத்தின் பீடோங் வட்டாரத்தில் தொண்டர் படையினர் கள்ளுக்கடை மறியலில் இறங்கினர். கள்ளின் வரலாற்றை எழுதுகிறவர் இந்தத் தொழிலாளர்களின் கோபத்தை விட்டுவிட்டு எழுத முடியாது.

பின்னர் ரப்பரின் இடத்தைச் செம்பனை பிடித்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, குடும்பங்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தன. மரமேறும் கைகள் அருகின. இன்று மலேசியாவில் உரிமம் பெற்ற சில கடைகளே எஞ்சியுள்ளன. தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை நீடிக்கிறது. கேரளத்தில் உரிமக் கடைகள் நடக்கின்றன.

கைவிடப்பட்ட முதிய திராட்சைக் கொடியைக் கவாத்து செய்து மீண்டும் காய்க்க வைக்கலாம். கள்ளிறக்கும் பாளையோ சில நாள் சீவாமல் விட்டாலே காய்ந்துவிடும். அடுத்த பாளை வரும்வரை காத்திருந்து, கட்டுவதிலிருந்தும் தட்டுவதிலிருந்தும் மறுபடி தொடங்க வேண்டும்.