கரீபியன் படங்களும் கரும்புக்காட்டுத் தமிழர்களும்

நாலாவது சனிக்கிழமை, வங்கிக்கு விடுமுறை. செம்பூர் வீட்டில் பழைய பேப்பரை எடைக்குப் போட்டுவிட்டு மதியம் ஒரு தூக்கம் போடலாம் என்றிருந்தேன். பத்தாவது படிக்கும் மகள் விடவில்லை. ஊரில் நடக்கும் திரைப்பட விழாவில் ஒரு பிரெஞ்சுப் படம் போடுகிறார்களாம், கட்டாயம் போகவேண்டுமாம். பள்ளியில் அவள் இரண்டாவது மொழியாக பிரெஞ்சு எடுத்திருக்கிறாள். (தமிழ் ஏன் எடுக்கவில்லை என்று கேட்கிறீர்களா? அந்தப் பள்ளியில் தமிழே கிடையாது. அந்த வயிற்றெரிச்சலைக் கடைசியில் சொல்கிறேன்.)

படத்தின் பெயர் 'ரூ காஸ் நெக்ர்'. ஆங்கிலத்தில் 'சுகர் கேன் ஆலி' என்று பெயர். 1983-ல் வந்தது. இயக்குநர் யூஸான் பால்சி, கரீபியன் கடலில் இருக்கும் மார்த்தினிக் தீவைச் சேர்ந்த பெண்மணி. ஜோசப் ஸோபெல் 1950-ல் எழுதிய நாவலைப் பதினாலு வயதில் படித்துவிட்டு, இதைப் படமாக எடுக்கவேண்டும் என்று மனதில் வைத்திருந்தவர். முதல் படத்துக்கே வெனிஸ் விழாவில் வெள்ளிச் சிங்கம் கிடைத்தது. பாட்டியாக நடித்த டார்லிங் லெஜித்திமுஸுக்கு அதே விழாவில் சிறந்த நடிகை விருது.

கதை ரொம்ப எளிமையானது. 1930-களில் மார்த்தினிக். கரும்புத் தோட்டத்துக் குடிசை வரிசையில் ஹோசே என்று ஒரு பையனும், கரும்புக்காட்டில் கூலிவேலை செய்யும் அவன் பாட்டியும். பேரன் மட்டும் கரும்பு வெட்டப் போகக்கூடாது, படிக்கவேண்டும் என்பதுதான் கிழவியின் ஒரே பிடிவாதம். பையன் நன்றாகப் படித்து பட்டணத்துப் பள்ளியில் இடம் வாங்குகிறான், ஆனால் உதவித்தொகை பாதிக்குக்கூட வரவில்லை. கிழவி குடிசையைக் காலி செய்துகொண்டு பட்டணம் போகிறாள், ஊரார் துணியை வெளுத்து மிச்சப் பணத்தைக் கட்டுகிறாள்.

பாதிப் படத்தில் மகள் என் கையைத் தொட்டு, "அப்பா, நம்ம ஆச்சி மாதிரியே இருக்காங்கல்ல?" என்றாள்.

என் ஆச்சி ஆலங்குளம் பக்கத்தில் பீடி சுற்றியவள். மடியில் சுளகு, சுளகில் இலையும் தூளும், விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கும் வரை அதே வேலை. கம்பெனிக் கடையில் கட்டை எண்ணி வாங்குபவர் நாலைந்து பீடியைப் பிய்த்துப் போட்டு "சரியில்லை" என்பார், அன்றைய கூலியில் அது கழியும். அந்தக் கூலியில்தான் நான் பி.காம். படித்தேன். திரையில் கூலி கொடுக்கும் காட்சி வந்தபோது எனக்கு சப்டைட்டில் தேவைப்படவில்லை.

சரி, சொந்தக் கதை போதும், வரலாற்றுக்கு வருவோம்.

இந்த ஊருக்கு உலக சினிமா வந்ததே ஒரு கதை. இந்தியாவின் முதல் சர்வதேசத் திரைப்பட விழா டெல்லியிலோ கோவாவிலோ ஆரம்பிக்கவில்லை. 1952 ஜனவரி 24 அன்று இங்கே பம்பாயில்தான் ஆரம்பித்தது. நடத்தியது பிலிம்ஸ் டிவிஷன். 23 நாடுகள் கலந்துகொண்டன, சுமார் 40 முழுநீளப் படங்களும் 100 குறும்படங்களும் வந்தன. பிறகு அதே விழா சென்னை, டெல்லி, கல்கத்தா என்று ஊர் ஊராகப் போனது. அதுவரை வெளிநாட்டுப் படம் என்றால் ஹாலிவுட்தான் என்று இருந்த நம் ஆட்களுக்கு, இத்தாலியின் 'பைசைக்கிள் தீவ்ஸ்' பெரிய அதிர்ச்சி. திருடு போன சைக்கிளைத் தேடும் ஒரு ஏழையும் அவன் மகனும்... இவ்வளவுதான் கதை, இதையும் படமாக எடுக்கலாமா?

எடுக்கலாம் என்று பிமல் ராய்க்குத் தோன்றியது. அடுத்த வருடமே 'தோ பீகா ஜமீன்' வந்தது, கடனில் மூழ்கிய நிலத்தை மீட்க நகரத்துக்கு வந்து ரிக்ஷா இழுக்கும் விவசாயியின் கதை. தமிழிலும் அந்தக் காற்று அடித்தது. வீணை எஸ். பாலச்சந்தர் ஒரு திரைப்பட விழாவில் குரோசவாவின் 'ரஷோமோன்' பார்த்த பாதிப்பில்தான் 'அந்த நாள்' உருவானது. 1954-ல் பாட்டே இல்லாமல் ஒரு தமிழ்ப்படம், அதுவும் ஏவி.எம். தயாரிப்பில், சிவாஜியை வைத்து! விழாக்கள் ஏதோ தாடி வைத்தவர்களின் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கவேண்டும் :-)

அப்போது கரீபியன் சினிமா எங்கே இருந்தது? அநேகமாக எங்கும் இல்லை. ஜமைக்காவும் டிரினிடாடும் 1962-ல்தான் சுதந்திரம் பெற்றன, கயானா 1966-ல். மார்த்தினிக்கும் குவாதலூப்பும் 1946 முதல் பிரான்சின் மாவட்டங்கள், இன்றுவரை அப்படியே. சொந்தப் படம் எடுக்கும் நிலையில் அவர்கள் இல்லை. பார்ப்பதற்கு மட்டும் படம் வந்துகொண்டிருந்தது. அது எங்கிருந்து வந்தது தெரியுமா? நம்ம பம்பாயிலிருந்துதான். 1935-ல் 'பாலா ஜோபன்' என்ற இந்திப் படம் டிரினிடாடில் திரையிடப்பட்டது. அங்கே காட்டப்பட்ட முதல் இந்தியப் படம் அதுதான். பேரன் பேத்தி எடுத்த தோட்டத் தொழிலாளர்கள், பார்த்தே இராத தாத்தா நாட்டைத் திரையில் பார்த்தார்கள்.

டிரினிடாடின் முதல் முழுநீளப் படம் என்று சொல்லப்படும் 'தி ரைட் அண்ட் தி ராங்'கை 1970-ல் இயக்கியவரும் இந்தியாவிலிருந்து போன ஹர்பன்ஸ் குமார்தான். 1974-ல் 'பிம்' என்ற படம் வந்தது. தகப்பனைப் பறிகொடுத்த இந்திய வம்சாவளிப் பையன் ஒருவன் பட்டணத்துக்கு வருகிறான், இனத்தைச் சொல்லி அவமானப்படுகிறான், நிழலுலகில் வளர்கிறான், கடைசியில் தன் மக்களுக்குத் தலைவனாகிறான். எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? 'நாயகன்' வருவதற்குப் பதிமூன்று வருடம் முன்னால்! காப்பி என்று சொல்ல வரவில்லை. பிழைக்கப் போன இடத்தில் மிதிபட்ட சமூகங்கள் எல்லாம் ஒரே மாதிரிக் கதையைத்தான் சொல்லும் போலிருக்கிறது.

ஜமைக்காவின் 'தி ஹார்டர் தே கம்' (1972) இன்னும் நெருக்கம். இயக்குநர் பெர்ரி ஹென்ஸல், நாயகன் பாடகர் ஜிம்மி கிளிஃப். கிராமத்துப் பையன் ஐவன் பஸ்ஸில் கிங்ஸ்டன் வந்து இறங்குகிறான். இறங்கிய கொஞ்ச நேரத்திலேயே தள்ளுவண்டிக்காரன் அவன் மூட்டை முடிச்சோடு மாயமாகிவிடுகிறான். இதைப் பார்த்ததும் எனக்குப் பெரியப்பா ஞாபகம். அறுபதுகளில் நெல்லையிலிருந்து சென்னை வழியாக ரயிலேறி, தாதரில் இறங்கிய அன்றே டிரங்குப் பெட்டியைப் பறிகொடுத்தவர். தாராவியில் தோல் ஷாப்பில் வேலை. ஞாயிற்றுக்கிழமை ஒரே ஆடம்பரம் மாட்டுங்கா அரோரா தியேட்டரில் தமிழ்ப் படம். 'நாயகன்' பார்த்துவிட்டு வந்து, "ஏல, நம்ம தெருவ இவ்வளவு அழகா எங்கல எடுத்தான்?" என்று கேட்டாராம். உண்மையில் அந்தத் தாராவியில் பெரும்பகுதி சென்னை வீனஸ் ஸ்டுடியோவில் தோட்டா தரணி போட்ட செட். ஹென்ஸலோ கிங்ஸ்டன் சேரிகளுக்குள்ளேயே கேமராவைத் தூக்கிக்கொண்டு போனார். ஐவன் ஒரு பாட்டுப் பாடிப் பதிவு செய்கிறான், அதற்குக் கிடைப்பது வெறும் இருபது டாலர். பாட்டு ஊரெல்லாம் ஒலிக்கிறது, பாடியவன் கையில் காசில்லை. படம் ஆங்கிலம்தான், ஆனாலும் ஜமைக்கா பேச்சு புரியாது என்று அமெரிக்காவில் ஆங்கிலத்துக்கே ஆங்கில சப்டைட்டில் போட்டார்கள். நெல்லைத் தமிழுக்குச் சென்னையில் சப்டைட்டில் போடுகிற மாதிரி :-)

கியூபாவை விட்டுவிட்டால் வங்கிக்காரனுக்கு அழகில்லை. புரட்சி நடந்து மூன்றே மாதத்தில், 1959 மார்ச்சில், அங்கே அரசுத் திரைப்பட நிறுவனம் ஆரம்பித்துவிட்டார்கள். அதில் வளர்ந்த மேதை தோமாஸ் குத்தியெரஸ் அலேயா. 1966-ல் அவர் எடுத்த 'ஒரு அதிகாரியின் மரணம்' படத்தை நம் கிளை மேலாளர்கள் அனைவருக்கும் கட்டாயமாக்கவேண்டும். முன்மாதிரித் தொழிலாளி ஒருவர் இறக்கிறார், மரியாதைக்காக அவருடைய தொழிலாளர் அட்டையையும் சேர்த்துப் புதைத்துவிடுகிறார்கள். விதவைக்குப் பென்ஷன் வேண்டுமென்றால் அந்த அட்டை வேண்டும். அட்டைக்காகப் பிணத்தைத் தோண்டி எடுத்தால், தோண்டுவதற்கு உத்தரவு இல்லை என்பதால் திரும்பப் புதைக்க முடியாது! ஒவ்வொரு நவம்பரிலும் கைரேகை விழாத விரலோடு லைஃப் சர்டிபிகேட் கொடுக்க வந்து நிற்கும் பெரியவர்களிடம், "நீங்கள் உயிரோடு இருப்பதை சிஸ்டம் ஏற்கவில்லை" என்று சொல்லவேண்டிய இடத்தில் நானும் இருந்திருக்கிறேன். அந்தப் படத்தில் என்னால் முழுதாகச் சிரிக்க முடியவில்லை.

இப்போது முதல் படத்துக்கே திரும்புகிறேன், ஏனென்றால் என்னைத் தூங்கவிடாமல் செய்தது அதுதான்.

அதில் மெதூஸ் என்று ஒரு கிழவர் வருவார். அடிமை முறை ஒழிந்தது என்று கேட்டதும் ஜனங்கள் மலையிலிருந்து ஆனந்தமாக ஓடி வந்ததையும், ஓடிப் பார்த்தால் நிலமெல்லாம் பழைய முதலாளிகளிடமே இருந்ததையும் பையனுக்குச் சொல்வார். பிரெஞ்சுக் காலனிகளில் அடிமை முறை ஒழிந்தது 1848-ல். அதற்குப் பிறகு கரும்பு வெட்ட மலிவான ஆள் முதலாளிகளுக்கு எங்கிருந்து கிடைத்தது? 1853 மே மாதம் 'ஒரேலி' என்ற கப்பல் மார்த்தினிக் கரை சேர்ந்தது. அது புறப்பட்ட இடம் பாண்டிச்சேரி. அடுத்த வருடம் டிசம்பர் 24 அன்று குவாதலூப்பிலும் முதல் கப்பல் இறங்கியது. அடுத்த முப்பது, முப்பத்தைந்து வருடங்களில் மார்த்தினிக்குக்குச் சுமார் 25,000 பேர், குவாதலூப்புக்குச் சுமார் 42,000 பேர். பாண்டிச்சேரியிலும் காரைக்காலிலும் ஏறியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். பிரிட்டிஷ் கயானாவுக்குச் சென்னையிலிருந்து தனியாகக் கப்பல்கள் போயின. பிஜித் தீவுக் கரும்புத் தோட்டத்துப் பெண்களுக்காகப் பாரதியார் கண்ணீர் விட்டார். இவர்களைப் பற்றி என் பாடப் புத்தகத்தில் ஒரு வரி கிடையாது.

அவர்களிடம் என்ன மிஞ்சியது? மாரியம்மன் அங்கே 'மாலியேமேன்' ஆகியிருக்கிறாள். மதுரை வீரன் 'மால்தேவிதன்'. விடிய விடிய ஆடும் கூத்துக்கு 'நாத்ரோன்' என்று பெயர், நம் நாடகம்தான். கறி சமைக்கும் மசாலாவுக்குப் பெயர் 'கொலொம்போ'. குழம்பு என்ற சொல்தான் அது என்கிறார்கள், கொழும்பு நகரம் என்பாரும் உண்டு. பெயர்களில் முத்துசாமி 'மூத்துசாமி'யாகப் பிழைத்திருக்கிறார். குவாதலூப்பில் ஹென்றி சிதம்பரம் என்பவர் இந்தியர்களுக்கு ஓட்டுரிமை வேண்டும் என்று 1904-ல் ஆரம்பித்த சட்டப் போராட்டம் 1923-ல்தான் முடிந்தது. கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு மகேந்திர நாகமுத்துவையும் வீராசாமி பெருமாளையும் தெரியும், இருவரும் மேற்கிந்தியத் தீவுகளுக்காகச் சுழற்பந்து வீசிய கயானாக்காரர்கள். பெயர் இருக்கிறது, அம்மன் இருக்கிறாள், குழம்பும் இருக்கிறது. பேச்சுத் தமிழ் மட்டும் போய்விட்டது. கோயில் மந்திரத்தில் சில வரிகள், அதுவும் அர்த்தம் தெரியாமல்.

கூலிகளாகப் போனவர்கள், பள்ளிக்கூடம் இல்லை, திரும்பி வர வழியில்லை, அவர்கள் மொழியை இழந்ததில் வியப்பில்லை. மும்பையில் இருக்கும் எனக்கு என்ன சாக்கு? தாராவியில் மாநகராட்சி தமிழ்வழிப் பள்ளி நடத்துகிறது. மாட்டுங்காவில் தமிழ்ப் புத்தகம் வாங்கலாம். ஊருக்கு ரயில் இருக்கிறது. என் மகள் வீட்டில் தமிழ் பேசுவாள், தம்பியோடு சண்டை போடும்போது இந்திக்கு மாறிவிடுவாள், எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியாது.

படம் முடிந்து வீட்டுக்கு வரும் வழியில், ஹார்பர் லைன் ரயிலில் வைத்து 'ஒரேலி' கப்பலைப் பற்றி அவளிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அப்ப அந்த ஊர்ல இருக்கற மூத்துசாமிக்கும் எனக்கும் பேசிக்கணும்னா பிரெஞ்சுலதான் பேசணும், இல்லப்பா?" என்று கேட்டாள்.

பதில் சொல்லத் தெரியவில்லை. ஆச்சி எனக்கு எழுதிய ஒரே கடிதம் பெட்டியில் இருக்கிறது. இங்கே மாற்றலாகி வந்த புதிதில், பக்கத்து வீட்டுப் பையனிடம் சொல்லி எழுத வைத்தது. அவளுக்கும் எழுத்துத் தெரியாது. அன்று ராத்திரி அதை எடுத்து மகளிடம் கொடுத்தேன். முதல் வரியை எழுத்துக்கூட்டிப் படித்து முடிக்க இருபது நிமிடம் ஆனது. மொத்தம் பதினாலு வரி. தினம் ஒன்று என்று வைத்திருக்கிறோம்.

உங்கள் வீட்டில் எப்படி? பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்க வருகிறதா? வெளியூரில் இருந்துகொண்டே சொல்லிக்கொடுத்தவர்கள் யாராவது இருந்தால் எப்படிச் செய்தீர்கள் என்று எழுதுங்கள், எனக்கு உதவியாக இருக்கும். மீண்டும் சந்திப்போம்.