விசுவாசம்

மலேசியாவில், பிரிக்பீல்ட்ஸில் 1924இல் எழுந்த சீயோன் லுத்தரன் ஆலயத்திலும், கிள்ளானில் 1928இல் கட்டப்பட்ட கத்தோலிக்க லூர்து மாதா ஆலயத்திலும் தமிழ் வழிபாடு நடக்கிறது. ஆனால் தமிழ்ச் சீர்திருத்தச் சபையார் பெரிதும் 'விசுவாசம்' என்று சொல்வதை, இன்றைய கத்தோலிக்கத் திருவிவிலியம் 'நம்பிக்கை' என்கிறது.

விசுவாசம் வடசொல். அதன் வேர் மூச்சுவிடுதலைக் குறிக்கும் 'ஸ்வஸ்'. சுவாசமும் அங்கிருந்து வந்ததே. 'வி' முன்னே சேர, அச்சம் நீங்கித் தாராளமாக மூச்சுவிடுதல் என்றாகி, பிறகு ஒருவரை நம்பியிருத்தல் ஆயிற்று. இதை அறிந்தபின் ஆராதனை முடிந்து வெளியே வரும்போது என் கேள்வியே மாறிவிட்டது. எத்தனை கோட்பாடுகளை ஏற்கிறேன் என்று இப்போது எண்ணுவதில்லை. கடவுள்முன் பயமின்றி மூச்சுவிட முடிகிறதா என்றே பார்க்கிறேன்.

நம்பிக்கையின் கதை இன்னும் வளமானது. 'நம்பு' என்றால் நசை, அதாவது விருப்பம் என்கிறது தொல்காப்பிய உரியியல். இச்சொல் தமிழ் வேதத்தில் இடம் மாறியதும் உண்டு. பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் மடலின் 13ஆம் அதிகாரம் மூன்று பண்புகளைச் சொல்கிறது. பழைய மொழிபெயர்ப்பில் அவை விசுவாசம், நம்பிக்கை, அன்பு. 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு. இரண்டாம் இடத்துச் சொல் முதலிடத்துக்கு நகர்ந்துவிட்டது.

பேச்சுத் தமிழில் விசுவாசம் என்றால் நன்றி மறவாமை, கைவிடாமை. அந்தப் பொருளும் வேதத்துக்கு அந்நியமல்ல. பவுல் எழுதிய கிரேக்கச் சொல்லான 'பிஸ்டிஸ்' நம்புவதையும் உண்மையாய் நிலைத்திருப்பதையும் சேர்த்தே குறிக்கும்.