புள்ளிக்கோலமும் பதினேழு வகை ஒப்பமைதியும்

நாற்றிசையும் முடிவின்றி மடங்கி வரும் சித்திரங்களை ஒப்பமைதி நோக்கிப் பகுப்பின், அவை 17 வகையே; பதினெட்டாவது இல்லை என்பது கணித நூலார் துணிபு. இதனைக் கேட்ட நம்மவருள் சிலர், இத்தேற்றம் கோலமிடும் பெண்டிர் கையில் முன்னரே உளது என்று கூறி மகிழ்வர். அக்கூற்றுப் பொருந்துமா என ஆராய்வாம்.

ஒப்பமைதியாவது, ஒரு வடிவத்தைப் பெயர்த்த வழியும் அது முன்னிருந்தவாறே தோன்றுதல். சமதளத்தில் அப்பெயர்ச்சி நால்வகைத்து: நகர்த்தல், ஒரு புள்ளியைப் பற்றிச் சுழற்றல், கண்ணாடியிற்போல எதிராக்கல், எதிராக்கி அக்கோட்டின் வழியே நகர்த்தல். சுவரில் ஒட்டும் பூத்தாள் முதலியன யாவும் இவற்றுள் அடங்கும்.

சிவாலய ஓட்டத்துக்குரிய கல்குளம், திருவிதாங்கோடு என்னுந் தலங்களை அடுத்துள்ள எம் நெய்யூர்ப் பக்கத்தே, மார்கழி வைகறையில் இடும் கோலங்களைக் காண்க. நேர்ப்புள்ளியில் எழுந்த கோலம் 90 பாகை சுழற்றினும் தன்னோடு பொருந்தும். அண்டை மூன்று புள்ளிகளும் ஒத்த தூரத்தில் நிற்க வைத்த இடைப்புள்ளிக் கோலம் 60 பாகையிற் பொருந்தும். ஐந்தன் சுழற்சி உண்டோ எனின், தனி விண்மீனுக்கு உண்டு. மடங்கிப் பரவும் பரப்பு முழுமைக்கும் இல்லை. என்னை? 72 பாகை சுழற்றினும் பரப்பு மாறாத நடுக்கள் உளவென்றே கொள்வோம். அவற்றுள் மிக அண்மையன இரண்டனை அ, ஆ என்க. அ-வைப் பற்றி ஆ-வை இடமாகவும், ஆ-வைப் பற்றி அ-வை வலமாகவும் 72 பாகை சுழற்றுக. பெயர்ந்து நின்ற இரண்டும் அத்தகைய நடுக்களே. அவற்றின் இடைத்தூரமோ முன்னைத் தூரத்தில் 0.382 பங்கேயாம். மிக அண்மையன என்றவற்றினும் அண்மையன தோன்றலின் முரணாயிற்று. 90 பாகையாயின் தூரம் மாறாது. 60 ஆயின் இரண்டும் ஒரு புள்ளியாம். ஆதலின் அவற்றுக்குத் தடையில்லை. ஐந்து சைவர்க்கு உவந்த எண்ணே. கணக்கோ உவப்பை நோக்காது.

வகை 17 எனும் முடிபை, படிக ஆராய்ச்சியில் ஈடுபட்ட உருசிய அறிஞர் பெதொரோவ் 1891-இல் நிறுவினார். அது மேனாட்டிற் பரவாமையின், அங்கேரியரான போல்யா 1924-இல் தனித்து மீளக் கண்டார்.

அற்றேல், எம் பெண்டிர் அறிவிலரோ எனின், அற்றன்று. எட்டுப் புள்ளிக்கு எழுதியதை இருபது புள்ளிக்கு ஏட்டின் துணையின்றி விரிப்பது விதியறியாதார்க்குக் கூடாது. ஆயினும் வரைதல் வேறு, இத்துணையவே என வரையறுத்தல் வேறு. பின்னதற்குச் சான்று காட்டாது முன்னோர்மேல் ஏற்றுதல் அவர்க்குப் புகழாகாது. கோலமிடும் விதிதான் யாது என ஆராய்ந்தவர், சென்னைக் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர் கிஃப்ட் சிரோன்மணி முதலியோர். கணிப்பொறிக்குரிய இலக்கண முறையால் அதனை விளக்கி 1974-இல் கட்டுரை வெளியிட்டனர். அவ்வழி நின்று, நாஞ்சில் நாட்டுக் கோலங்கள் அப்பதினேழனுள் எவ்வெவற்றைத் தொடுகின்றன என்பதைப் பழைய கோலக் குறிப்பேடுகளைக் கொண்டு எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவ்வேடுகள் செல்லரிக்குமுன் அன்பர்கள் படியெடுத்து வைப்பாராக.